விரித்தால் கிழியும் குடை

பெங்களூர் கண்டோன்மென்ட்டில் பழைய பங்களாக்கள் இடிபடும்போது, பீரோக்களும் டிரங்குப் பெட்டிகளும் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேருகின்றன. எப்போதாவது ஒரு சின்னஞ்சிறு பட்டுக் குடையும் அவற்றோடு வரும். 1809ல் படை முகாமாக உருவான பகுதி. சீமாட்டிகள் வெயிலுக்குப் பிடித்த குடை. மழைக்கு ஆகாது.

பார்ப்பவர்கள் உடனே விரித்துக் காட்டச் சொல்வார்கள். அங்கேதான் ஆபத்து. பசை நீக்கினால் கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். பட்டு எடைக்கு விற்ற சரக்கு. எனவே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியச் சாயப் பட்டறைகள் வெள்ளீய உப்பை ஏற்றி எடையை ஈடுகட்டின. துணி கனத்தது, மொடமொடத்தது. அதே உப்பு இன்று இழையை அரிக்கிறது. பெட்டிக்குள் பத்திரமாக இருந்தாலும் மடிப்பு வாக்கில் தானாகவே கிழிகிறது.

கம்பிகள் கெட்டி. பழைய குடைகளில் இருப்பது 'திமிங்கில எலும்பு'. பெயர்தான் எலும்பு, உண்மையில் திமிங்கிலத்தின் வாயில் சீப்புப் போலத் தொங்கும் தகடு, நம் நகத்தின் ஜாதி. 1852ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு அருகே சாமுவேல் ஃபாக்ஸ் 'ப' வடிவில் குழிந்த எஃகுக் கம்பியைக் கொண்டுவந்தார். மெல்லியது, ஆனால் வளைந்து கொடுக்கும். இன்றைய குடைகளிலும் அந்த வடிவம்தான். 'பாரகன்' முத்திரை இருந்தால் 1852க்கு முந்தையது அல்ல என்று தைரியமாகச் சொல்லலாம்.

கோச்சு வண்டிக்கான குடைகளில் தண்டின் நடுவே ஒரு கீல் இருக்கும். அதன் மேல் உலோக வளையத்தை இறக்கினால் தண்டு நிமிர்ந்து நிற்கும். ஏற்றினால் இரண்டாக மடியும். கெட்டிக்காரத்தனமான வேலை.

பிடி தந்தமாக இருந்தால் விற்பனைக்கு வழியில்லை. இந்திய யானைத் தந்த வியாபாரம் 1986லும், ஆப்பிரிக்கத் தந்த வியாபாரம் 1991லும் தடை செய்யப்பட்டன. பழசு என்பது சட்டத்திடம் செல்லாது.

பட்டுக்குப் பேர்போன ஊர் என்பதால், புதுப் பட்டு போர்த்தி விற்கும் ஆசை கடைக்காரருக்கு வருவது இயல்பு. ஆனால் குடையின் வடிவமைப்பே அந்தக் கிழிசல் துணியில்தான் இருக்கிறது. ஒவ்வொரு துண்டின் ஓரமும் லேசாக வளைத்து வெட்டப்பட்டதால்தான் விரித்ததும் சுருக்கமில்லாமல் இழுத்து நிற்கிறது. பழைய துணியைக் குப்பையில் போட்டுவிட்டு 'ஒரிஜினல்' என்பது மோசடி. மாற்றியே ஆகவேண்டும் என்றால், கழற்றியதைக் குடையோடு சேர்த்துக் கொடுப்பதே நாணயம்.

வீட்டில் வைத்திருப்பவர்கள் இறுக்கிச் சுருட்டக் கூடாது. பாதி விரித்து, மடிப்புகளுக்கிடையே அமிலமற்ற டிஷ்யூ காகிதத்தைச் சுருட்டி வைத்தால் பட்டு இன்னும் சில காலம் தாங்கும்.