வைஃபை கடவுச்சொல்லும் ஓர் அமானிதமே

வீட்டில் இணையம் மெதுவானால் முதலில் யார் மீது சந்தேகம் வருகிறது? எங்கள் வீட்டில் என் மீதுதான். "மகள், எந்நேரமும் போனும் கையுமா இருந்தா லைன் எப்படி வேலை செய்யும்?" என்று வாப்பா கேட்பார். இரவு எட்டு மணி இணைய வகுப்பில் ஆசிரியரின் குரல் துண்டு துண்டாகக் கேட்கும். படிக்கத்தான் இருக்கிறேன் என்றால் யாரும் நம்பவில்லை. கடந்த தவணை விடுமுறையில், வகுப்பையே நிறுத்திவிடலாம் என்று வாப்பா சொல்லும் அளவுக்கு விடயம் போனது.

அன்றுதான் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த சிட்டையை முதன்முதலாகப் படித்தேன். அதிலிருந்த முகவரியையும் கடவுச்சொல்லையும் கொடுத்து உள்ளே போனால், இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல் இருக்கிறது. எங்கள் வீட்டில் உள்ளவை ஐந்து. பட்டியலில் இருந்தவை பதினான்கு!

காரணம் களவு அல்ல, நல்ல மனதுதான். பக்கத்து வீட்டு மாமி கேட்டபோது உம்மா கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தார். மாமியின் மகன் கூட்டாளிகளுக்குக் கொடுத்திருந்தான். அது வாப்பாவின் தொலைபேசி இலக்கம் என்பதால் எவருக்கும் மறக்கவும் இல்லை.

வேகத்தைப் பற்றியும் நாம் தவறாகவே விளங்கி வைத்திருக்கிறோம். பொதியில் 16 எம்.பி.பி.எஸ். என்றிருந்தால் 16 மெகாபைட் என்று எண்ணுகிறோம். அது மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆகவே முழு வேகம் கிடைத்தாலும் ஒரு செக்கனுக்கு 2 மெகாபைட்தான் இறங்கும். 100 மெகாபைட் பாடக் காணொளி ஒன்றுக்கு ஏறத்தாழ 50 செக்கன் எடுக்கும். ஒரே நேரத்தில் பலர் பாவித்தால் அந்த இரண்டையும் பங்கு போட வேண்டும். அதோடு எங்கள் ரவுட்டர் அலுமாரிக்குப் பின்னால் இருந்தது. 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை சுவர்களைத் தாண்டித் தூரம் போகும். ஆனால் வேகம் குறைவு. 5 கிகாஹேர்ட்ஸ் வேகமானது. ஆனால் சுவர்களுக்குள் சீக்கிரம் தளர்ந்துவிடும். ரவுட்டரை ஹோலின் நடுப்பக்கம், உயரமான இடத்தில் வைத்ததும் என் அறையில் வித்தியாசம் தெரிந்தது.

ஆனால் வேகத்தை விட என்னைப் பயமுறுத்தியது வேறொன்று. இணைப்பு வாப்பாவின் பெயரில் இருக்கிறது. அந்தப் பதினான்கில் ஏதோ ஒன்றிலிருந்து யாராவது ஒரு பெண்பிள்ளையின் படத்தைத் தவறாகப் பரப்பினால், தேடி வருபவர்கள் முதலில் நிற்பது எங்கள் வாசலில்தான். முன்பின் தெரியாத ஒருவனை வீட்டுக்குள் விடாத நாம், அவனது போனை மட்டும் உள்ளே விட்டிருந்தோம்.

பட்டியலைக் கண்டதும் வாப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீயே சரி பண்ணு மகள்" என்றார். ரவுட்டருக்குள் நுழையும் கடவுச்சொல்லையும் வைஃபை கடவுச்சொல்லையும் வெவ்வேறாக மாற்றினேன். பாதுகாப்பு முறையை டபிள்யூ.பி.ஏ.2 ஆக்கினேன். புதிய ரவுட்டர்களில் டபிள்யூ.பி.ஏ.3 இருந்தால் அது இன்னும் நல்லது. பொத்தானை அழுத்தி இணைக்கும் டபிள்யூ.பி.எஸ். வசதியை நிறுத்தினேன். எல்லாம் அரைமணி நேர வேலை.

"அயலவருக்குக் கொடுக்காமல் பூட்டி வைப்பது அழகா?" என்று உம்மா கேட்டார். நியாயமான கேள்வி. அயலவரின் உரிமையைப் பேணச் சொல்லித்தானே நம்மை வளர்த்தார்கள். அதற்கும் வழி இருக்கிறது. பல ரவுட்டர்களில் விருந்தினருக்கென்று தனி வலையமைப்பு உண்டு. அதில் வருபவர் இணையத்தைப் பாவிக்கலாம். வீட்டுக் கருவிகளை நெருங்க முடியாது. மாமியின் மகன் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறான். அவனுக்கு அந்தக் கடவுச்சொல்லைக் கொடுத்து, "இது அமானிதம், வேறு யாருக்கும் கொடுக்காதே" என்றேன். பட்டியலைப் பார்ப்பேன் என்றும் சொல்லி வைத்தேன்.

இப்போதும் சில இரவுகளில் இணையம் மெதுவாகிறது. ஆனால் என் வகுப்பு நிற்கவில்லை.

பெற்றோரே, பிள்ளையின் கையிலிருந்து போனைப் பறிப்பதற்கு முன் அந்தப் பட்டியலை ஒருமுறை பாருங்கள். தோழியரே, இது ஆண்பிள்ளைகளின் வேலை என்று ஒதுங்காதீர்கள். இன்றே உங்கள் வீட்டு ரவுட்டரின் அடியிலுள்ள சிட்டையைப் படியுங்கள். உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.