நோயாளியாக நடிக்க ஆள் தேவை

காரைக்காலில் 2016-ஆம் ஆண்டு முதல் ஜிப்மர் மருத்துவக் கல்லூரியின் கிளை இயங்கி வருகிறது. நீட் தேர்வு வழியாக நாட்டின் பல மாநிலங்களிலிருந்தும் மாணவர்கள் வந்து சேர்கின்றனர். அவர்கள் சந்திக்கும் நோயாளிகளோ கடலோர மீனவர்களும் டெல்டா கிராமத்து விவசாயத் தொழிலாளர்களும். 'நெஞ்சைக் கரிக்குது', 'கை கால் ஓய்ஞ்சு வருது' என்று இவர்கள் சொல்வதில்தான் நோயின் முதல் தடயம் இருக்கிறது. எந்தப் பாடநூலிலும் இச்சொற்கள் இல்லை.

தேசிய அளவில் 2019-இல் நடைமுறைக்கு வந்த புதிய மருத்துவப் பாடத்திட்டம் இந்தக் குறையை அறிந்தே இருக்கிறது. தொடக்க அடிப்படைப் பயிற்சியில் உள்ளூர் மொழிக்கு இடமுண்டு. மனப்பாங்கு, அறநெறி, தகவல் தொடர்பு ஆகியவற்றுக்கென 27 பாட அலகுகள் உள்ளன. திறன் ஆய்வகமும் கட்டாயம். ஆனால், ஆய்வகம் என்றதும் நம் நினைவுக்கு வருவது பொம்மைதான். இதய அழுத்தச் சிகிச்சைக்கும் ஊசி போடுவதற்கும் அது போதும். பொம்மை அழாது, 'இன்னும் எத்தனை நாள் இருப்பேன் டாக்டர்?' என்று கேட்காது.

அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பாரோஸ் 1963-இல் நலமாக இருந்த ஒரு பெண்ணை நோயாளியாக நடிக்கப் பயிற்றுவித்து, மாணவர்களைச் சோதித்தார். இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் முறையின் தொடக்கம் அது. அமெரிக்காவில் இதையே மருத்துவ உரிமத் தேர்வாக்கி, 2021-இல் கைவிட்டார்கள். தேர்வை விட்டுவிடலாம், பயிற்சியை விட முடியாது. உண்மையான நோயாளியிடம் தவறிச் சொன்ன சொல்லைத் திரும்பப் பெற இயலாது. நடிப்பவரிடம் மீண்டும் முயலலாம்.

சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில் 2024 நவம்பர் 13 அன்று புற்றுநோய் மருத்துவர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்டார். அங்கு சிகிச்சை பெற்ற பெண்ணின் மகன் கைதானார். அந்த வன்முறைக்கு எந்த நியாயமும் இல்லை. ஆனால், அதன் பின் நாம் காவலைப் பற்றிப் பேசிய அளவுக்கு, கடுமையான செய்தியைக் குடும்பத்தாரிடம் எப்படிச் சொல்வது என்பதைப் பற்றிப் பேசவில்லை. நாளொன்றுக்கு நூறு பேரைப் பார்க்கும் மருத்துவரிடம் பொறுமையை மட்டும் எதிர்பார்ப்பதும் அநீதியே. நேரம் குறைவாக இருப்பதால்தான் முன்கூட்டிய பழக்கம் தேவைப்படுகிறது.

காரைக்காலுக்கு இதில் பெரிய செலவு இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், மகளிர் சுயஉதவிக் குழுவினர், மீனவக் குடும்பத்துப் பெண்கள் ஆகியோருக்கு உரிய ஊதியம் கொடுத்து, நோயாளியாக நடிக்கப் பழக்கலாம். மாணவர்களுடன் செவிலியரையும், சீட்டுக் கொடுக்கும் ஊழியரையும் அமர்த்த வேண்டும். நோயாளி முதலில் பேசுவது அந்த ஊழியரிடம்தான். ஒவ்வோர் அமர்வின் முடிவிலும், நடித்தவர் தன் சொந்தத் தமிழில், 'தம்பி, நீங்க கடைசி வரைக்கும் என் முகத்தையே பாக்கல' என்று சொல்ல இடமிருக்க வேண்டும்.