எக்ஸ்-மென் யார் வீட்டுப் பிள்ளைகள்?

2017 டிசம்பர் 14 அன்று, ரூபர்ட் மர்டோக்கின் ஃபாக்ஸ் நிறுவனத்தின் பெரும்பகுதியை 5,240 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக டிஸ்னி அறிவித்தது. உலகெங்கும் காமிக்ஸ் ரசிகர்கள் அதை ஒரு திருவிழாவாக்கினார்கள். ஓர் ஊடகப் பெருமுதலாளி இன்னொரு ஊடகப் பெருமுதலாளியை விழுங்குவதற்கு இத்தனை சாமானியர்கள் கைதட்டி நான் பார்த்ததில்லை. அந்தக் கூட்டத்தில் திரும்பத் திரும்பக் கேட்ட சொல் ஒன்றுதான்: எக்ஸ்-மென் 'வீடு திரும்புகிறார்கள்'.

நானும் எக்ஸ்-மென் ரசிகன்தான். ஒருவர் செய்த செயலுக்காக அல்ல, பிறந்த பிறப்புக்காகவே ஊர் அவரை வெறுக்கிறது என்ற கதை எனக்கு ஏன் பிடித்தது என்று இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் அந்தச் சொல் உறுத்தியது. 'வீடு திரும்புதல்' என்ற சொல்லை நம் நாட்டில் யார், எதற்குப் பயன்படுத்துகிறார்கள்? கர் வாப்சி. தப்பிப் போனவர்களைப் பார்த்து 'உன் சொந்த வீடு இதுதான், திரும்பி வா' என்பது. அந்த வீட்டில் எந்த மூலையில் படுக்கவைப்பார்கள் என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள். காமிக்ஸ் ரசிகர்களைச் சங்கிகள் என்று சொல்லவில்லை, தோழர்களே. ஆனால் உரிமையாளரை வீடு என்று நம்பவைக்கும் தந்திரம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

சரி, உண்மையில் யாருடைய வீடு? 1963-இல் எக்ஸ்-மென்னை உருவாக்கியவர்கள் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும். கிர்பி, நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடு குடியிருப்பில் பிறந்த ஏழை யூதத் தொழிலாளியின் மகன். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி வரைந்தவர். அவர் வரைந்த எதுவும் அவருக்குச் சொந்தமாகவில்லை. 1990களில் மார்வெல் பணமுடையில் இருந்தபோது எக்ஸ்-மென்னின் திரைப்பட உரிமை ஃபாக்ஸுக்கும் ஸ்பைடர்மேனின் உரிமை சோனிக்கும் போனது. யாரும் கடத்திப்போகவில்லை, விற்றார்கள். 2009-இல் மார்வெலையே சுமார் 400 கோடி டாலருக்கு டிஸ்னி வாங்கியது. அப்போது கிர்பியின் பிள்ளைகள் தங்கள் தந்தையின் படைப்புகளுக்கு உரிமை கேட்டு நோட்டீஸ் அனுப்பினார்கள். கீழ் நீதிமன்றங்களில் தோற்றார்கள். உச்ச நீதிமன்றம் வழக்கை எடுப்பதா என்று பரிசீலிக்க இருந்த நேரத்தில், 2014-இல், சமரசம் ஏற்பட்டது. வரைந்த கைக்குச் சேராத பொருள் வாங்கிய கைக்குச் சேரும்போது அதற்குப் பெயர் 'வீடு திரும்புதலா'?

2018 ஜூனில் காம்காஸ்ட் நிறுவனம் 6,500 கோடி டாலர் தருவதாகக் குறுக்கே வந்தது. அந்த வாரம் ரசிகர்கள் கிரிக்கெட் இறுதிப்போட்டி பார்ப்பதுபோல் பங்குச்சந்தைச் செய்தி பார்த்தார்கள். டிஸ்னி 7,130 கோடிக்கு ஏற்றியதும் மறுபடியும் கொண்டாட்டம். நம் ஊர் ரசிகர் மன்றங்களைக் கேலி செய்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். நம் பையன்கள் பால் ஊற்றுவது ஒரு மனிதரின் கட்-அவுட்டுக்கு. இங்கே பால் ஊற்றப்பட்டது ஒரு ஏலத் தொகைக்கு.

2019 மார்ச் 20 அன்று கைமாற்றம் முடிந்தது. மறுநாளே ஒரு செய்தி வந்தது: ஃபாக்ஸின் பிரிவான 'ஃபாக்ஸ் 2000' மூடப்படுகிறது.

இந்தப் பெயரை நம்மில் பலர் கேட்டிருக்கமாட்டோம். ஆனால் அவர்களுடைய படங்களைப் பார்த்திருப்போம். நாசாவில் கணக்குப் போட்ட கறுப்பினப் பெண்களைப் பற்றிய 'ஹிடன் ஃபிகர்ஸ்' அவர்களுடையது. போலீஸ் தன் நண்பனைச் சுட்டுக்கொன்றதைப் பார்த்த கறுப்பினச் சிறுமியின் கதையான 'தி ஹேட் யு கிவ்' அவர்களுடையது. ஹாலிவுட்டின் பெரிய ஸ்டுடியோ ஒன்று ஒரு தன்பாலீர்ப்புப் பதின்பருவப் பையனின் காதலை மையமாக வைத்து முதன்முதலில் எடுத்த 'லவ், சைமன்' அவர்களுடையது. புதுச்சேரிப் பையனின் 'லைஃப் ஆஃப் பை'யும்தான். இவை நட்டப் படங்கள் என்று யாரும் சொல்ல முடியாது. சுமார் இரண்டரைக் கோடி டாலரில் எடுத்த 'ஹிடன் ஃபிகர்ஸ்' 23 கோடிக்கு மேல் வசூலித்தது. ஆனாலும் நடுத்தரச் செலவில் எடுக்கும் இப்படிப்பட்ட படங்களுக்கு டிஸ்னியின் கணக்கில் இடம் இல்லை. இணைப்பால் குறைந்தது 200 கோடி டாலர் செலவு மிச்சமாகும் என்று முதலீட்டாளர்களுக்கு முன்பே வாக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த மிச்சம் மனிதர்களின் வேலையிலிருந்துதான் வரும். வந்தது.

இரண்டே ஆண்டில், 2021-இல், 'ஐஸ் ஏஜ்' படங்களை எடுத்த ப்ளூ ஸ்கை அனிமேஷன் ஸ்டுடியோவும் மூடப்பட்டது. சுமார் 450 பேர் அங்கே வேலை பார்த்தார்கள். அவர்கள் கையில் பாதிக்குமேல் முடிந்த நிலையில் இருந்தது 'நிமோனா'. உருமாறும் சக்தி கொண்ட ஒருத்தி, அவளை அரக்கி என்று துரத்தும் ஊர், ஒருவரையொருவர் காதலிக்கும் இரண்டு வீரர்கள். படம் கைவிடப்பட்டது. தன்பாலீர்ப்புக் காட்சிகளை டிஸ்னி மேலிடம் விரும்பவில்லை என்று அங்கே வேலை பார்த்த சிலர் பின்னாளில் ஊடகங்களிடம் சொன்னார்கள். 'லவ், சைமன்' கதையின் தொடர்ச்சியாக எடுத்த 'லவ், விக்டர்' தொடரும் டிஸ்னி பிளஸிலிருந்து ஹுலுவுக்குத் தள்ளப்பட்டது. குடும்பத்தோடு பார்க்க ஏற்றதில்லை என்பது அப்போது வெளியான காரணம். எந்தக் குடும்பம், யார் குடும்பம் என்று கேட்கும் பழக்கம் நமக்கு உண்டு. அங்கேயும் கேட்கலாம்.

பிறப்பால் ஒதுக்கப்பட்டவர்களின் கற்பனைக் கதை 'வீடு திரும்பிய' அதே வீட்டில், ஒதுக்கப்பட்டவர்களின் நேரடிக் கதைகளுக்குக் கதவு சாத்தப்பட்டது. ரசிகர்கள் இதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை. அவர்களுக்குப் பிடித்த கதாபாத்திரங்கள் ஒரே படத்தில் நிற்க வேண்டும் என்ற ஆசை நியாயமானதுதான், எனக்கும் இருந்தது. 2015-இல் ஃபாக்ஸ் எடுத்த 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' படத்தைப் பார்த்தவர்கள் வேறு எப்படி நினைப்பார்கள்! ஃபாக்ஸுக்காகக் கண்ணீர் விடவும் நான் தயாரில்லை. நஞ்சு கக்கும் ஃபாக்ஸ் நியூஸை மர்டோக் விற்கவில்லை, தன்னிடமே வைத்துக்கொண்டார். என் கேள்வி வேறு. 'இந்தப் படம் எப்போது வரும்' என்று கேட்ட லட்சம் பேரில் நூறு பேராவது 'எந்த அலுவலகம் பூட்டப்படும்' என்று ஏன் கேட்கவில்லை? 1949 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையின் இறுதி நாட்களில் பாபாசாகேப் அரசியலில் பக்தி எங்கே கொண்டுபோய் விடும் என்று எச்சரித்தார். அவர் சொன்னது தலைவர்கள் மீதான பக்தியை. நிறுவனங்களின் மீது பக்தி வரும் என்று அவரே எதிர்பார்த்திருக்கமாட்டார்.

இது அமெரிக்க விவகாரம் என்று நகரவும் முடியாது. அந்த 7,130 கோடிப் பொட்டலத்துக்குள் ஸ்டார் இந்தியா இருந்தது, அதற்குள் நம் விஜய் டிவி இருந்தது. மர்டோக்கிடமிருந்து டிஸ்னிக்குப் போன அந்தச் சேனல், 2024 நவம்பரில் ரிலையன்ஸும் டிஸ்னியும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்குப் போனது. ரிலையன்ஸ் தரப்பின் கை அதில் ஓங்கியிருக்கிறது, தலைவர் நீதா அம்பானி. இந்த முறை நம்மவர்கள் பெரும்பாலும் பேசியது, ஐ.பி.எல். இலவசமாகக் கிடைக்குமா, சந்தா எவ்வளவு என்பதைத்தான். தமிழ் வீடுகளின் மாலை நேரத்தை நிரப்பும் சேனல் யார் கையில் இருக்கிறது, அதில் யார் கதை வரும், யார் கதை வராது என்ற பேச்சு என் காதுக்கு அதிகம் வரவில்லை.

'நிமோனா' பிழைத்துக்கொண்டது. வேறு தயாரிப்பாளர்கள் எடுத்து முடித்து, 2023 ஜூனில் நெட்ஃப்ளிக்ஸில் வெளியிட்டார்கள், ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. நெட்ஃப்ளிக்ஸ் ஒன்றும் தர்ம சத்திரம் இல்லை, அது தெரிந்ததுதான். படத்தின் இறுதிப் பெயர்ப் பட்டியலை நிறுத்தாமல் பாருங்கள். ப்ளூ ஸ்கையில் அதைத் தொடங்கியவர்களுக்கும் அதில் நன்றி இருக்கிறது.