இல்லற அரங்கம்: கையிலா, கூரையிலா?

இணையக் கட்டணம் இன்று நம் இல்லங்களின் செலவுக் கணக்கில் அரிசிக்கும் பள்ளிக் கட்டணத்திற்கும் அடுத்த வரியில் வந்து அமர்ந்துவிட்டது. மரக்காணம் உப்பளக் கரையில் வாழும் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. பிள்ளையின் பாடம், வங்கிக் கணக்கு, அயல்நாட்டில் உழைக்கும் மகனின் முகம் யாவும் இவ்வழியே வருகின்றன. ஆகவே, ஆளுக்கொரு கைப்பேசி இணைப்புப் போதுமா, அன்றி வீட்டிற்கென ஒரு கம்பியில்லா இணைப்பு வேண்டுமா என்று பெற்றோர் கேட்பது நியாயமே. இம்மாதம் அதனை ஆராய்வோம்.

கைப்பேசி இணைப்பு சிம் அட்டையோடு நம்முடன் நடக்கிறது. வீட்டு இணைப்போ, கூரைமேல் பொருத்திய பெட்டியில் அலையைப் பெற்று, உள்ளேயிருக்கும் ரூட்டர் வழியாக வீடெங்கும் வைஃபையாகப் பரப்புகிறது. நம் நாட்டில் 5ஜி சேவை 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கியது. அதனைத் துணைக்கொண்டு 'ஏர்ஃபைபர்' இணைப்புகள் 2023-இல் வந்தன. பெயரில் ஃபைபர் இருப்பினும், வீடு வரை கண்ணாடி இழைக் கம்பி வருவதில்லை. கைப்பேசி நம்பியிருக்கும் கோபுரத்தையே இதுவும் நம்பியிருக்கிறது. எனவே, பணம் கட்டுமுன் கூரைமேல் அலை எவ்வளவு கிடைக்கிறதென்று சோதித்துக் காட்டச் சொல்லுதல் வேண்டும். உப்புக் காற்று இரும்பை அரிக்கும் ஊர் நம்முடையது. பெட்டியைத் தாங்கும் சட்டம் துருப்பிடிக்காததா என்றும் கேட்டறிதல் நன்று.

இனிச் செலவைப் பார்ப்போம். கைப்பேசியின் 'மாதம்' 28 நாட்களே. ஆதலால் ஆண்டிற்குப் பதின்மூன்று முறை ரீசார்ஜ் செய்கிறோம். 2024 ஜூலை விலையேற்றத்தின்பின் ஜியோவின் நாளொன்றுக்கு 1.5 ஜிபி திட்டம் 299 ரூபாய் ஆயிற்று. ஒரு கைப்பேசிக்கு ஆண்டில் 3,887 ரூபாய். நான்கிற்கு 15,548 ரூபாய். அந்நிறுவனத்தின் வீட்டு இணைப்பு, அறிமுகமானபோது மாதம் 599 ரூபாய். 18 சதவீத வரியுடன் ஆண்டிற்கு ஏறத்தாழ 8,480 ரூபாய். ஆனால் கைப்பேசியில் பேசுவதற்குத் தனிச் செலவு உண்டு. பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்களை நிறுவனங்கள் தரவேண்டுமெனத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024 டிசம்பரில் பணித்தது. ஆண்டிற்கு ஏறத்தாழ 1,800 ரூபாய் வீதம் நால்வருக்கும் அதனைச் சேர்த்தால், இரு பக்கமும் தராசு ஏறத்தாழச் சமமாகிறது. இரண்டே கைப்பேசியுள்ள வீட்டிற்கோ கைப்பேசி இணைப்பே மலிவு. அதில் ஒன்றன் ஹாட்ஸ்பாட் வழியாகப் பிள்ளையும் பாடம் பார்க்கலாம். விலைகள் மாறும், கணக்கிடும் முறை மாறாது.

மற்றொன்றையும் மறத்தலாகாது. ஐப்பசி மழை இறங்கினால் உப்பளத்தில் வேலை இல்லை. அம்மாதங்களுக்கென உப்பளத் தொழிலாளர்க்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் அளிக்கத் தொடங்கியது 2022-இல்தான். கைப்பேசி ரீசார்ஜை அக்காலத்தில் சுருக்கிக்கொள்ளலாம். பல மாதக் கட்டணத்தை முன்கூட்டியே கேட்கும் வீட்டுத் திட்டத்தில் அவ்வசதி குறைவு. கூலி வரும் மாதங்களை எண்ணியபின் கையெழுத்திடுங்கள்.

மழையோடு புயலும் வரும். 2020 நவம்பரில் நிவரும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சலும் இக்கரையையே தாக்கின. மின்சாரம் நின்றால் ரூட்டர் அணைந்துவிடும். கைப்பேசியோ தன் பேட்டரியால் சில மணி நேரமாவது விழித்திருக்கும். ஒரு செய்தி உரிய நேரத்தில் வந்து சேர்வதன் அருமையை நம் அண்டை ஊரே அறியும். புதுச்சேரிப் பகுதியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் கிராம அறிவு மையங்களை நிறுவியது. வீராம்பட்டினத்தில் இணையத்தில் கிடைத்த அலையுயரச் செய்தியை ஒலிபெருக்கி மீனவர்க்கு அறிவித்தது. 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரிலிருந்த நல்லவாடு இளைஞர் ஒருவர் தொலைபேசியில் எச்சரிக்க, அவ்வூர் மையத்தின் ஒலிபெருக்கி மக்களைக் கரையிலிருந்து அகற்றிற்று. எந்த இணைப்பைத் தேர்ந்தாலும், மழைக்காலத்தில் ஒரு கைப்பேசியேனும் முழுச் சார்ஜுடனும் நடப்பிலுள்ள திட்டத்துடனும் இருக்கட்டும்.

இறுதியாக, இல்லத்தின் ஒற்றுமை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய விதித்தொகுப்பு, வீட்டினுள் நுழைவனவற்றைக் காக்கும் கடமையைப் பெற்றோரிடம் ஒப்படைத்தது. ஆளுக்கொரு இணைப்பிருந்தால் ஆளுக்கொரு மூலையும் உண்டாகும். ரூட்டரைக் கூடத்தில் வைத்தால், இரவு செபமாலை வேளையில் ஒரே விசையால் அதனை நிறுத்தலாம். ஆயினும் விசை மட்டும் பிள்ளையை வளர்ப்பதில்லை; தந்தை தம் கைப்பேசியை முதலில் கீழே வைத்தால்தான் மகனும் வைப்பான்.

ஆக, இருவர் மூவர் உள்ள வீடும், பருவக் கூலியை நம்பிய வீடும் கைப்பேசியோடு நிற்கலாம். படிக்கும் பிள்ளைகள் பலரும் நிலையான சம்பளமும் உள்ள வீட்டிற்குக் கூரைப் பெட்டி தகும். அண்டை வீட்டுக் கூரையில் ஏறிவிட்டதே என்பது மட்டும் நம் கூரையில் ஏற்றுவதற்குக் காரணமாகாது. இன்றிரவு உணவுக்குப்பின் கணவனும் மனைவியும் ஒரு தாளில் இக்கணக்கை எழுதுங்கள். பிள்ளைகளையும் உடன் அமர்த்திக்கொள்ளுங்கள்.