ஒப்படைத்த உயிருக்கு யார் பொறுப்பு?

கோடை விடுமுறை தொடங்கியதும் தலைநகர் தில்லியின் குடியிருப்புகளில் பூட்டிய கதவுகள் பெருகும். பாலையும் செய்தித்தாளையும் நிறுத்தச் சொல்லிவிட்டு ஊருக்குப் புறப்படுவது எளிது. வீட்டில் நாயோ பூனையோ வளர்ப்போருக்கு அது அத்தனை எளிதல்ல. ரயிலில் நாயை உடன் அழைத்துச் செல்ல வேண்டுமானால் முதல் வகுப்பில் கூபே அல்லது கேபின் முழுவதையும் எடுத்தாக வேண்டும். இல்லையேல் கார்டு பெட்டியின் கூண்டில் அடைக்க வேண்டும். சென்னை போன்ற தொலைதூர ஊர்களுக்கு முன்னது செலவு, பின்னது கொடுமை. எனவே பிராணிகள் விடுதியைத் தேடிச் செல்வதைத் தவிர வேறு வழியில்லை.

சத்தர்பூர் பண்ணை வீடுகள் முதல் நொய்டா, குர்கான் அடுக்குமாடிக் குடியிருப்புகள் வரை இத்தகைய விடுதிகள் முளைத்துள்ளன. குளிப்பாட்டுதல், முடி வெட்டுதல், நகம் நறுக்குதல் ஆகியவையும் அங்கேயே நடைபெறுகின்றன. பொறுப்புடன் நடத்துவோர் பலர் உண்டு. ஆனால் பொறுப்பற்றவரிடமிருந்து அவர்களை இனம்பிரித்துக் காட்ட பெயர்ப் பலகையைத் தவிர வேறெதுவும் இல்லை என்பதுதான் பிரச்னை.

இது வெறும் வசதிக் குறைவு பற்றிய புகார் அல்ல. பல வீடுகளின் நாய்கள் ஓரிடத்தில் கூடும்போது நோயும் கூடுகிறது. குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் தரையிலும் பாத்திரத்திலும் மாதக்கணக்கில் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. சாதாரண சோப்பு நீருக்கு அது அழியாது. பிளீச்சிங் கரைசல் வேண்டும். விடுதி இருமல் என்றே பெயர் பெற்றுவிட்ட சுவாச நோய், காற்றின் மூலம் ஒரு கூண்டிலிருந்து மறு கூண்டுக்குத் தாவுகிறது. உண்ணிகளால் பரவும் காய்ச்சலோ நம் நாட்டு நாய்களுக்குப் பெரும் எதிரி. இந்நோய்களின் அறிகுறிகள் வெளிப்படச் சில நாள்களோ வாரங்களோ ஆகும். அதற்குள் நாய் வீடு திரும்பியிருக்கும். நோய் எங்கே தொற்றியது என்று நிரூபிக்க உரிமையாளரால் இயலாது. சொல்ல நாய்க்கு வாயில்லை.

அழகுபடுத்தும் பணியிலும் ஆபத்து உண்டு. நாய்க்கு உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்தே அது வெப்பத்தைத் தணித்துக் கொள்கிறது. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு அதுவும் சிரமம். அவற்றைக் குளிப்பாட்டியபின் கூண்டில் அடைத்துச் சூடான காற்றைச் செலுத்திவிட்டு ஊழியர் வேறு வேலைக்குப் போனால், நிமிடங்களில் உயிர் போகலாம். வெயிலுக்கு இதம் என்று எண்ணி இரட்டை அடுக்கு ரோமம் கொண்ட இனங்களை மொட்டையடிப்பதும் தவறு. வெப்பத்தைத் தடுப்பதும் அந்த ரோமமே. நாய்க்கான உண்ணி மருந்தில் உள்ள பெர்மெத்ரின் பூனையின் உயிரையே பறிக்கும். இவை தெரியாதவர் கையில் கத்தரிக்கோல் இருப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

சட்டமே இல்லை என்று கூறிவிட முடியாது. 1960-ஆம் ஆண்டு பிராணிவதைத் தடுப்புச் சட்டம், பிராணியைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் எவரும் அதன் நலனைப் பேண வேண்டும் என்கிறது. தற்காலிகமாக வைத்திருப்பவரையும் அது உரிமையாளராகவே கருதுகிறது. அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பது குற்றம். ஆனால் முதல் முறை குற்றத்துக்கு அச்சட்டம் விதித்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். விடுதியின் ஒரு நாள் கட்டணத்துக்குக்கூட ஈடாகாத தொகை இது. 2022-இல் மத்திய அரசு வெளியிட்ட திருத்த வரைவு, இத்தண்டனை போதாது என்பதை அரசே உணர்ந்திருப்பதைக் காட்டியது.

அடுத்து வந்த விதிகளிலும் இடைவெளி தெரிகிறது. நாய் இனப்பெருக்கத்துக்கு 2017-இலும், பிராணி விற்பனைக் கடைகளுக்கு 2018-இலும் மத்திய அரசு விதிகளைக் கொண்டுவந்தது. மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு, பதிவேடு, கால்நடை மருத்துவக் கண்காணிப்பு ஆகியவை அவற்றில் உண்டு. அவற்றின் நோக்கம் இனப்பெருக்கமும் விற்பனையும்தான். குட்டியை விற்பவரைக் கணக்கில் எடுத்த அரசு, வளர்ந்த நாயைப் பத்து நாள் காவலில் வைப்பவருக்கென்று தனி விதி வகுக்கவில்லை.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவு, பிராணியைக் கொல்வோருக்கு ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. ஆனால் அது வேண்டுமென்றே செய்யும் தீங்குக்கானது, கவனக்குறைவுக்கு அல்ல. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், சேவைக் குறைபாடு என்று மாவட்ட ஆணையத்தை அணுகலாம். "எது நேர்ந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல' என்று படிவத்தில் கையெழுத்து வாங்கும் விடுதிகளும், 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தை மறந்துவிடக் கூடாது. ஒப்படைக்கப்பட்ட உடைமையைத் தன்னுடையதைப்போல் காக்க வேண்டும் என்பது அதன் விதி. எனினும் இவையெல்லாம் உயிர் போனபின் கிடைக்கும் பரிகாரங்கள்.

உரிமம் என்றாலே லஞ்சம்தான், சிறு தொழில் செய்வோர் நசுங்கிப் போவார்கள் என்ற வாதம் எழும். அந்த அச்சத்தில் நியாயமும் உண்டு. ஆகவே விதிகள் சிலவாக, அளந்து பார்க்கக் கூடியவையாக இருக்க வேண்டும். இங்கிலாந்தில் 2018 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதிகள், நாய், பூனை விடுதிகளுக்கு உள்ளாட்சி உரிமத்தைக் கட்டாயமாக்கியதோடு நட்சத்திரத் தரமும் வழங்குகின்றன. தரமான விடுதிக்கு நீண்ட கால உரிமம் கிடைக்கிறது. நேர்மையானவருக்குக் கட்டுப்பாடு சுமையல்ல, விளம்பரம் என்பதை இது காட்டுகிறது.

இங்கும் மாநகராட்சிகள் அதைச் செய்யலாம். ரேபிஸ் தடுப்பூசிச் சான்று இல்லாத நாயை அனுமதிக்கக் கூடாது. நோயுற்றவற்றுக்குத் தனி அறை வேண்டும். அழைத்தவுடன் வரக்கூடிய கால்நடை மருத்துவர் ஒருவரின் பெயர் எழுதி வைக்கப்பட வேண்டும். இரவில் ஆள் இருக்க வேண்டும். பிராணி இறந்தால் உடனே தகவல் தந்து, உரிமையாளர் விரும்பினால் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். கடிபடும் ஊழியர்களுக்கு முன்கூட்டியே தடுப்பூசி போடுவதும் நிபந்தனையாக வேண்டும். இது பணக்காரர்களின் செல்லத்துக்கான சலுகை ஆகாது. ரேபிஸ் ஆண்டுதோறும் மனித உயிர்களைப் பறிக்கும் நாட்டில், விடுதி வாசலில் கேட்கப்படும் தடுப்பூசிச் சான்று பொதுச் சுகாதாரத்துக்கும் காவல்தான்.

உரிமையாளர்களுக்கும் கடமை உண்டு. கட்டணத்தை மட்டும் விசாரித்துவிட்டு ஒப்படைப்பது அழகல்ல. கூண்டுகள் இருக்கும் பகுதியைப் பார்க்க அனுமதி கேட்க வேண்டும். மறுக்கும் இடத்தில் விடக் கூடாது. புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே தடுப்பூசிகளை முடித்திருக்க வேண்டும்.

வீட்டுச் சாவியை முன்பின் அறியாதவரிடம் கொடுத்துவிட்டு எவரும் ஊருக்குப் போவதில்லை. சாவியைவிட உயிர் மலிவானதல்ல. அந்த உயிரைப் பெற்றுக்கொள்பவர் யார், எங்கே வைக்கிறார், எப்படித் திருப்பித் தருகிறார் என்று கேட்கும் அதிகாரம் உள்ளாட்சி அமைப்புகளுக்கு இருக்க வேண்டும். அடுத்த கோடை விடுமுறைக்குள் அதற்கு வழி காண்பது அரசின் கையில் இருக்கிறது.