டெல்லிக்குப் போகும் முன் கோட்டையில் கேளுங்கள்

பிள்ளையார் சிலைக்கு வரி கிடையாது. திருவள்ளுவர் சிலைக்கு உண்டு. இதை மாமல்லபுரத்துப் பட்டறைக்காரர்களுக்கு விளக்கிச் சொல்வதும் என் பிழைப்பில் ஒரு பகுதி. படாளம் கூட்ரோட்டில் ஜிஎஸ்டி கணக்கு பார்க்கும் சின்ன அலுவலகம் வைத்திருக்கிறேன். அரிசி மண்டி, ஹார்டுவேர் கடை, செங்கல் சூளை எனப் பலரும் வருவார்கள். மாதம் 20-ஆம் தேதி நெருங்கினால் நிற்க இடம் இருக்காது. மற்றவர்கள் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். சிற்பிகள் மட்டும் ஏன் என்று கேட்பார்கள்.

கல், பளிங்கு, மரம் ஆகியவற்றில் செய்த தெய்வ உருவங்களுக்கு 2018 ஜூலையில் வரி நீக்கப்பட்டது. மற்ற கற்சிலைகளுக்கு 12 சதவீதம் இருந்தது. 2025 செப்டம்பர் 22-இல்தான் அது 5 ஆகக் குறைந்தது. ஒரே கருங்கல், ஒரே உளி, ஒரே கை. “வள்ளுவர் சாமி இல்லைன்னு யாரு சார் முடிவு பண்ணது?” என்று ஒரு பெரியவர் கேட்டார். டெல்லியில் 33 பேர் கூடி முடிவு செய்தார்கள் என்றேன். “அதுல நம்மாளு எத்தனை பேரு?” ஒருவர்தான் என்றேன்.

அந்த 33 பேர்தான் ஜிஎஸ்டி கவுன்சில். 2016-இல் வந்த 101-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் உருவாக்கிய அமைப்பு. ஒன்றிய நிதி அமைச்சர் தலைவர், ஒன்றிய இணை அமைச்சர் ஒருவர், 28 மாநிலங்களும் சட்டமன்றம் உள்ள 3 யூனியன் பிரதேசங்களும் அனுப்பும் அமைச்சர்கள் 31 பேர். மாநிலங்கள் தனித்தனியே வைத்திருந்த விற்பனை வரி அதிகாரத்தைக் கொண்டுபோய் ஒரே மேஜையில் வைத்துவிட்டு, இனி சேர்ந்து முடிவெடுப்போம் என்று ஒப்புக்கொண்ட ஏற்பாடு இது. உலகில் இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூடியது ஐரோப்பிய ஒன்றியம். அங்கே 27 நாடுகள் தங்கள் இறையாண்மையில் ஒரு பங்கை இப்படித்தான் பொதுவில் வைத்திருக்கின்றன. வைத்துப் பார்த்தால் நமக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

அங்கே சட்டம் பிறக்கும் வழி இது. ஐரோப்பிய ஆணையம் வரைவை எழுதி வெளியிடும். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த 720 பேர் கொண்ட நாடாளுமன்றமும், நாட்டுக்கு ஓர் அமைச்சர் உட்காரும் கவுன்சிலும் ஒரே வாசகத்துக்குச் சம்மதிக்க வேண்டும். கவுன்சில் சட்டத்தின் மேல் விவாதித்து ஓட்டுப் போடும்போது அது பொதுவெளியில் நடக்க வேண்டும் என்பது 2009-இல் நடைமுறைக்கு வந்த லிஸ்பன் ஒப்பந்தத்தின் விதி. ஓட்டெண்ணிக்கையில் இரண்டு பூட்டுகள்: 55 சதவீத நாடுகள், அதாவது 15 நாடுகள் ஆதரிக்க வேண்டும், அந்த நாடுகளில் ஒன்றியத்தின் மக்கள்தொகையில் 65 சதவீதமாவது இருக்க வேண்டும். இரண்டும் திறந்தால்தான் சட்டம்.

வரி என்று வந்தால் இதுவும் போதாது. 27 நாடுகளும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். மதிப்புக்கூட்டு வரியின் பொது விகிதம் 15 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்று மட்டும் பொதுவில் விதித்திருக்கிறார்கள். அதற்கு மேல் அவரவர் விருப்பம். லக்சம்பர்க்கில் 17, ஜெர்மனியில் 19, ஹங்கேரியில் 27. தனித்தனி நாடுகளின் ஒன்றியத்தில் லக்சம்பர்க்குக்கு இருக்கும் இந்த உரிமை, 7 கோடிக்கும் மேல் மக்கள் உள்ள தமிழ்நாட்டுக்கு இல்லை.

அங்கே எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. ஆணையத்தில் இருப்பவர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. பெரிய பேரங்கள் அங்கேயும் மூடிய அறையில்தான் முடிகின்றன. ஒருமனது விதியை வைத்துக்கொண்டு, பன்னாட்டு நிறுவனங்களுக்கான 15 சதவீதக் குறைந்தபட்ச வரியை 2022-இல் ஹங்கேரி ஒற்றை ஆளாகப் பல மாதம் நிறுத்தி வைத்தது.

நம் கவுன்சிலின் கணக்கைப் பாருங்கள். ஒன்றிய அரசின் ஓட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு எடை. மீதி இரண்டு பங்கை எல்லா மாநிலங்களும் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். எனவே டெல்லி வேண்டாம் என்றால் எதுவும் நடக்காது. அதற்கு ஓர் ஆள் போதும். டெல்லி கொண்டுவருவதைத் தடுக்க 31 பேரும் வந்திருக்கும் கூட்டத்தில் 12 மாநிலங்கள் கைகோக்க வேண்டும். தமிழ்நாட்டின் எடை நூற்றுக்கு 2.15. கோவாவின் எடையும் அதுவே. பெரும்பாலும் கருத்தொற்றுமை என்ற பெயரில் விஷயம் முடிந்துவிடுகிறது; முதல்முறையாக ஓட்டெடுப்பு நடந்ததே 2019 டிசம்பரில், லாட்டரிக்காக.

2021 மே மாதக் கூட்டத்தில் அப்போதைய நம் நிதி அமைச்சர் பழனிவேல் தியாகராஜன், மாநிலத்துக்கு ஓர் ஓட்டு என்பது நியாயமில்லை என்றார். கோவாவோடு வாக்குவாதம் வந்தது. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது, ஆனால் பாதிதான். ஓட்டை மக்கள்தொகைக்கு ஏற்ப எடைபோட்டால் உத்தரப் பிரதேசத்தின் ஓட்டு நம்முடையதைப் போல மூன்று மடங்கை நெருங்கும். தொகுதி மறுவரையறையில் தலைகளை மட்டும் எண்ணாதீர்கள், மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதற்குத் தண்டனையா என்று கேட்கும் அதே தமிழ்நாடு, ஜிஎஸ்டி மேஜையில் தலைகளை எண்ணுங்கள் என்று எப்படிக் கேட்கும்? நியாயம் இடத்துக்கு இடம் மாறினால் எதிரில் இருப்பவன் சிரிப்பான். ஐரோப்பாவின் இரட்டைப் பூட்டு இந்த இரண்டு வழக்குக்கும் பொருந்தும்: தலைகளையும் எண்ணு, மாநிலங்களையும் எண்ணு. அவர்களுடைய நாடாளுமன்றத்தில் ஜெர்மனிக்கு 96 இடம், சின்னஞ்சிறு மால்டாவுக்கு 6. தலைக்கணக்குப்படி பார்த்தால் மால்டாவுக்கு ஒன்றுகூடத் தேறாது. பெரியவர் பெரியவராகவே இருக்கட்டும், சிறியவர் கரைந்துபோகக் கூடாது என்று யோசித்துப் போட்ட கணக்கு.

ஓட்டின் எடையை மாற்ற அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டும். அது நம் கையில் இல்லை. நம் கையில் இருக்கும் ஒன்றை டென்மார்க்கிடம் பார்க்கலாம். நம் சென்னை மாநகரத்தைவிடக் குறைவான மக்கள் வாழும் நாடு அது. அந்நாட்டு அமைச்சர் பிரஸ்ஸல்ஸுக்குக் கிளம்பும் முன், சொந்த நாடாளுமன்றத்தின் ஐரோப்பிய விவகாரக் குழு முன்னால் வந்து உட்கார வேண்டும். என்ன கேட்கப் போகிறேன், எதை விட்டுக்கொடுப்பேன் என்று சொல்ல வேண்டும். பெரும்பான்மை எதிர்த்தால் அந்த நிலைப்பாட்டோடு போக முடியாது. 1973-இல் ஐரோப்பிய அமைப்பில் சேர்ந்த காலத்திலிருந்து இதுதான் வழக்கம்.

நம் நிதி அமைச்சர் டெல்லிக்குப் போகும் முன் கோட்டையில் யாரிடம் சொல்லிவிட்டுப் போகிறார்? எந்தக் கட்சி ஆண்டாலும் இதே கேள்விதான். கூட்டம் முடிந்த அன்று டெல்லியில் செய்தியாளர் சந்திப்பு நடக்கும், எம்.எல்.ஏ.க்களும் நானும் ஒரே நேரத்தில் டிவியில் பார்த்துத் தெரிந்துகொள்வோம். படாளத்தில் இருக்கும் மதுராந்தகம் கூட்டுறவு சர்க்கரை ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை ஆலைகளில் மிஞ்சும் மொலாசஸுக்கு 2023 அக்டோபர் வரை 28 சதவீத வரி இருந்தது. பிறகுதான் 5 ஆக்கினார்கள். ஆலைகள் கையில் பணம் புரளும், கரும்பு விவசாயிகளின் பாக்கி சீக்கிரம் தீரும் என்று காரணம் சொன்னார்கள். நல்ல முடிவு. ஆனால் 2017 ஜூலையிலேயே சொல்லியிருக்கக்கூடிய காரணம் அல்லவா இது? கரும்பு வெட்டும் ஊரின் எம்.எல்.ஏ. ஒருவர் கேள்வி கேட்கும் குழு இருந்திருந்தால் ஆறு ஆண்டு ஆகியிருக்குமா?

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 2022 மே 19-இல் மோகித் மினரல்ஸ் வழக்கில், கவுன்சிலின் பரிந்துரைகள் மாநிலச் சட்டமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, அவற்றுக்கு மதிப்பு உண்டு, அவ்வளவுதான் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஐரோப்பாவிலோ உறுப்பு நாட்டின் சட்டத்தைவிடப் பொதுச் சட்டமே மேல் என்று 1964-லேயே அவர்களுடைய நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அப்படிக் கட்டுண்ட டென்மார்க் சபை தன் அமைச்சரைக் கூப்பிட்டுக் கேட்கிறது. கட்டுப்படாத நம் சபை கேட்பதில்லை.

இதற்குச் சட்டத் திருத்தம் வேண்டாம், டெல்லியின் அனுமதியும் வேண்டாம். பொதுக் கணக்குக் குழு இருப்பதுபோல, ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் உட்காரும் ஒரு ஜிஎஸ்டி குழுவைப் பேரவை தன் விதிகளில் சேர்த்துக்கொண்டால் போதும். அமைச்சர் போகும் முன் ஓர் அமர்வு, வந்த பின் ஓர் அமர்வு. மாமல்லபுரத்துச் சிற்பியும் மதுராந்தகத்துக் கரும்பு விவசாயியும் அங்கே மனுக் கொடுக்கலாம்.

அடுத்த கவுன்சில் கூட்டத்தின் தேதி அறிவிக்கப்பட்டதும் உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வை ஒருமுறை போய்ப் பாருங்கள். தமிழ்நாடு அங்கே என்ன கேட்கப் போகிறது என்று அவரிடம் கேளுங்கள். தெரியாது என்றால், ஏன் தெரியாது என்று பேரவையில் எழுந்து கேட்கச் சொல்லுங்கள்.