காஸ் டர்பைனும் குழாய் போகும் நிலமும்

எரிவாயுக் குழாய் என்றாலே சேலம், நாமக்கல் விவசாயிகள் முகம் சுளிக்கிறார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த வாயுவால் ஓடும் இயந்திரத்தையும் சேர்த்துப் பழிப்பது சரியன்று.

காஸ் டர்பைன் வேலை செய்யும் விதம் எளிது. முன்புறம் சுழலும் தகடுகள் வெளிக்காற்றை இழுத்து அழுத்துகின்றன. அந்தக் காற்றில் எரிவாயு எரிகிறது. சூடேறி விரிந்து பாயும் காற்று பின்புறத் தகடுகளைச் சுழற்ற, அதனுடன் பூட்டிய ஜெனரேட்டர் மின்சாரம் தருகிறது. கிடைக்கும் சக்தியில் பாதிக்கு மேல் முன்புறம் காற்றை அழுத்தவே போய்விடும். விளைந்ததில் பாதியை விதைக்கு எடுத்து வைப்பதைப் போல! வெளியேறும் புகையின் சூட்டில் நீராவி தயாரித்து இன்னொரு டர்பைனையும் ஓட்டலாம். திருவாரூர் மாவட்டம் கோவில்களப்பாளில் 2001-ல் அமைந்த 108 மெகாவாட் நிலையம் இவ்வகையே.

நிலக்கரி நிலையம் குளிர்ந்துவிட்டால் மீண்டும் சூடேறப் பல மணி நேரம் வேண்டும். காஸ் டர்பைன் சில நிமிடங்களில் கிளம்பும். சாம்பல் இல்லை. ஆலைகளுக்கு இது பெரிய வசதி.

வசதி ஆலைக்கு, குழாய் யார் நிலத்தில்? கொச்சியிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் கெயில் குழாய் கோவை முதல் கிருஷ்ணகிரி வரை 7 மாவட்டங்களில் சுமார் 310 கிலோமீட்டர் செல்வதாகத் திட்டம். விவசாயிகளின் எதிர்ப்பைக் கேட்ட தமிழக அரசு, நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டு போகும்படி 2013 மார்ச்சில் கூறியது. அதே ஆண்டு நவம்பரில் உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2016 பிப்ரவரியில் உச்சநீதிமன்றமும் கெயிலுக்கே சாதகமாகத் தீர்ப்பளித்தது.

1962-ஆம் ஆண்டுச் சட்டப்படி பட்டா விவசாயியிடமே இருக்கும். ஆனால் குழாய்ப் பாதையில் கிணறு வெட்டக்கூடாது, வீடு கட்டக்கூடாது, ஒரு தென்னங்கன்று கூட வைக்கக்கூடாது. இதற்கு ஈடு, சந்தை மதிப்பில் 10 சதவீதம். பயிர்ச் சேதத்துக்குத் தனி. இரண்டு ஏக்கர்க்காரருக்குக் கிணறு வெட்டும் இடம் போனால் காடே போன மாதிரிதான். ஒரே தடவை கொடுக்கும் 10 சதவீதம் எந்த மூலைக்கு? செல்போன் கோபுரத்துக்குக் கிடைப்பதுபோல் ஆண்டு வாடகை தர வேண்டும். சட்டத்தைத் திருத்தினாலொழிய அது நடக்காது.

அதுவரை, அறிவிப்பு வந்தால் சும்மா இருந்துவிடக் கூடாது. ஆட்சேபணையை 21 நாட்களுக்குள், கிணறு, மரங்களின் விவரத்துடன், உரிய அதிகாரியிடம் எழுத்து மூலம் கொடுத்துவிட வேண்டும்.